மகளுக்கு முதல் போன்: நான்கு மாதம் நான் பட்ட பாடு

என் மகளுக்குப் பத்து வயது முடிந்த கொஞ்ச நாளில் இது ஆரம்பித்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வேலை முடிந்து வர ஆறரை மணி ஆகும். அவளுக்கு வாரத்தில் மூன்று நாள் பள்ளி விட்டதும் நீச்சல் வகுப்பு, அங்கிருந்து ஒரே பஸ்ஸில் வீடு. ஒருநாள் வகுப்பு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சாவி என்னிடம். ஒன்றரை மணி நேரம் வாசல்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் வந்தபோது அழக்கூட இல்லை, "பசிக்குதும்மா" என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரியே முடிவு பண்ணினேன், இவளுக்கு ஒரு போன் வேண்டும், என்னைக் கூப்பிட ஒரு வழி வேண்டும். அதற்கப்புறம் நான்கு மாதத்தில் இரண்டு போன், இரண்டு சிம், பாதியில் விட்ட ஒரு வருடச் சந்தா என்று போன காசைக் கூட்டிப் பார்த்தால், ஆரம்பத்திலேயே நல்ல போன் ஒன்றை வாங்கி மிச்சமும் வைத்திருக்கலாம். காசை விட என்னை அதிகம் வருத்துவது நடுவில் நடந்த இரண்டு சம்பவங்கள். யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் இரண்டையும் தவிர்த்திருப்பேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ப்ரீபெய்டுதான் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மாதக் கடைசியில் பில் வந்து திடுக்கிட வைக்காது, போட்ட காசு தீர்ந்தால் நின்றுவிடும், பிள்ளைக்கும் அளவு தெரியும். இந்த எண்ணம் சரிதான், ஆனால் முழுசாகச் சரியில்லை என்று பின்னால் தெரிந்தது, அதை அந்த இடத்தில் சொல்கிறேன். முதலில் நான் செய்த தப்பு, சிம்மோடு சேர்த்து மலிவாகக் கொடுத்த ஒரு போனை வாங்கியது. பெட்டியின் மேலேயே குழந்தைகளுக்கான பாதுகாப்புத் திட்டம் உண்டு என்று போட்டிருந்தது, அதைப் பார்த்ததும் வேறு எதையும் நான் கேட்கவில்லை. வீட்டில் நன்றாக வேலை செய்தது. நீச்சல் குளம் இருக்கும் கட்டடத்தில், அதுவும் உடை மாற்றும் இடத்தில், சுத்தமாக சிக்னல் இல்லை. பிள்ளை எனக்குப் போன் பண்ணவேண்டிய இடமே அதுதான். சரி, வேறு நிறுவனத்தின் சிம் போட்டுப் பார்ப்போம் என்று போட்டால் திரையில் அன்லாக் கோடு கேட்டது. அந்த போன் அந்த நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதாம், அதனால்தான் அந்த விலைக்குக் கொடுத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட காலம் கழித்துத்தான் திறந்து தருவோம் என்றார்கள்.

அதனால் போன் வாங்குவதற்கு முன்னால் பிள்ளை எங்கெல்லாம் இருப்பாளோ அங்கெல்லாம் எந்த நெட்வொர்க் எடுக்கிறது என்று பாருங்கள். உறவிலோ வேலையிடத்திலோ வேறு வேறு சிம் வைத்திருப்பவர்களிடம் ஒரு மணி நேரம் போனை வாங்கிக்கொண்டு அந்த இடங்களுக்குப் போனால் போதும், பள்ளி வாசல், பஸ் நிறுத்தம், வகுப்பு நடக்கும் கட்டடத்தின் உள்ளே எல்லாம் நின்று ஒரு அழைப்பு போட்டுப் பாருங்கள். இந்த போன் எல்லா சிம்மும் ஏற்குமா என்று கடையில் நேராகக் கேளுங்கள், முடிந்தால் உங்கள் சிம்மைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பழைய போன் வாங்குவதாக இருந்தால், முன்பு வைத்திருந்தவர் தன் கூகுள் கணக்கையோ ஆப்பிள் கணக்கையோ எடுத்துவிட்டாரா என்று உங்கள் கண்முன்னால் ரீசெட் பண்ணச் சொல்லிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். அந்தக் கணக்கு எடுக்கப்படாமல் இருந்தால் ரீசெட்டுக்கு அப்புறமும் பழைய ஆளின் பாஸ்வேர்டைத்தான் அது கேட்கும்.

அந்த முதல் போனில் இன்னொரு தொல்லையும் இருந்தது. 16 ஜிபி என்று போட்டிருந்தாலும் அதில் பாதிக்கு மேல் போனின் சொந்த மென்பொருளே அடைத்துக்கொண்டது. நாலு ஆப் போட்டதும் இடமில்லை என்றது, அப்டேட் எதுவும் இறங்கவில்லை, பாதுகாப்பு அப்டேட் வந்தே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெற்றோர் கட்டுப்பாடு என்பதும் போனுக்குள் ஓடும் ஒரு மென்பொருள்தான், போன் திணறினால் அதுவும் திணறும். பிள்ளைக்குத்தானே என்று இருப்பதிலேயே மட்டமானதை எடுக்கும் எண்ணம் எல்லாருக்கும் வரும், எனக்கும் வந்தது. என் அனுபவத்தில் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் இதற்குக் கீழே ஸ்மார்ட்போன் வாங்கவே வேண்டாம். செட்டிங்ஸில் பாதுகாப்பு அப்டேட்டின் தேதி என்று ஒரு வரி இருக்கும், கடையில் வைத்தே அதைப் பாருங்கள்.

இப்போது அந்தப் பாதுகாப்புத் திட்டத்துக்கு வருகிறேன். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது அதுதான், முதல் பெரிய அடியும் அதிலிருந்துதான் விழுந்தது. வேண்டாத தளங்களை நெட்வொர்க்கே தடுத்துவிடும் என்றார்கள். வீட்டில் சோதித்துப் பார்த்தேன், தடுத்தது. ஒரு சனிக்கிழமை மகள் தன் தோழி வீட்டுக்குப் போனாள், அங்கே வைஃபை இருந்தது. சாயங்காலம் வந்தவள் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள், சாப்பாட்டில் கை வைக்கவில்லை. ராத்திரி விளக்கை அணைக்கப் போனபோது வேண்டாம் என்றாள். மூன்றாவது நாள்தான் வாய் திறந்தாள். ஏதோ வீடியோ பார்த்து முடித்ததும் அதன் பின்னாலேயே ஒரு சாலை விபத்துக் காட்சி தானாக ஓடியிருக்கிறது, மறைக்காமல் அப்படியே. "அந்த அங்கிள் எந்திரிக்கவே இல்லம்மா" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கிப் போனது. அவளைக் கட்டிக்கொண்டு படுத்தேனே தவிர, என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிட்டு விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. நெட்வொர்க் போடும் தடை அந்த சிம்மின் டேட்டா வழியாகப் போகும்போது மட்டும்தான் வேலை செய்யும். வைஃபையில் ஏறிய நொடியில் பிள்ளை அந்த வேலியைத் தாண்டிவிடுகிறாள். அவள் எந்தத் தந்திரமும் செய்யவில்லை, போன் தானாக வைஃபைக்கு மாறியது, அவ்வளவுதான். அதனால் சிம் நிறுவனம் தரும் பாதுகாப்பு, போனுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு, ஒவ்வொரு ஆப்புக்குள்ளும் இருக்கும் பாதுகாப்பு என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதை மறந்தால் போடாத மாதிரிதான். போனுக்குள் இருப்பது எந்த வைஃபைக்குப் போனாலும் கூடவே போகும், ஆகவே முதலில் செய்யவேண்டியது அதைத்தான். யூடியூபில் தானாக அடுத்த வீடியோ ஓடும் ஆட்டோபிளேயை நிறுத்துவது சின்ன வேலை, ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழித்திருந்தால் என் மகள் அதைப் பார்த்திருக்கமாட்டாள் என்பது இன்றும் என்னைக் குத்துகிறது.

சிம் எண்ணிலும் ஒரு சிக்கல் வந்தது. ப்ரீபெய்டு எண்கள் பயன்பாடில்லாமல் கிடந்தால் திரும்ப எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. மகளுக்குக் கிடைத்த எண் முன்பு கடன் வாங்கிக் கட்டாத யாரோ ஒருவருடையது. பத்து வயதுப் பிள்ளைக்குப் போன் பண்ணி, "அவர எங்க ஒளிச்சி வெச்சிருக்கீங்க, எப்பக் கட்டுவாரு" என்று மிரட்டினார்கள். இவள் பயந்துபோய் இரண்டு நாள் போனையே அணைத்து வைத்திருந்தாள், எனக்கும் சொல்லவில்லை, ஏதோ தன் தப்பு என்று நினைத்திருக்கிறாள். இரண்டாவது சிம் வாங்கியபோது அதை முதல் இரண்டு வாரம் என் போனிலேயே போட்டு வைத்துக்கொண்டேன், யார் கூப்பிடுகிறார்கள், என்ன குறுஞ்செய்தி வருகிறது என்று பார்த்தேன். அந்த எண்ணை என் போனில் சேமித்து வாட்ஸ்அப்பில் யாருடைய படமாவது தெரிகிறதா என்றும் பார்த்தேன், தெரிந்தால் பழைய ஆளின் கணக்கு இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வாரமும் அமைதியாக இருந்ததால் பிள்ளை கையில் கொடுத்தேன். வாட்ஸ்அப்புக்கு அப்போது அவர்களே வைத்திருந்த குறைந்தபட்ச வயது 13 என்பதால் அதை நான் போட்டுத் தரவில்லை, அதற்காக வீட்டில் கொஞ்சம் சண்டையும் நடந்தது.

அப்புறம் இரண்டாவது போன். இது சிம் பூட்டில்லாதது, கொஞ்சம் நல்ல போன், இரண்டு மாதம் சேர்த்து வாங்கினேன். விபத்து வீடியோ நடந்த பயத்தில் இருந்ததால், காசு கட்டி வாங்கும் ஒரு கண்காணிப்பு ஆப்பை ஒரு வருடத்துக்குச் சந்தா கட்டிப் போட்டேன். ஒரு மாதத்துக்குப் பார்த்துவிட்டுக் கட்டியிருக்கலாம், வருடத்துக்குக் கட்டினால் பாதி விலை என்றதும் கட்டிவிட்டேன். அது எல்லாவற்றையும் செய்தது. குறுஞ்செய்தியைப் படித்துக் காட்டும், எந்த ஆப்பில் எத்தனை நிமிடம் என்று சொல்லும், ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம் என்று வைத்தால் நேரம் முடிந்ததும் போனைப் பூட்டிவிடும், வரைபடத்தில் அவள் எங்கே என்று ஒரு நீலப் புள்ளி காட்டும். நான் ஒரு மணி நேரம் என்று வைத்தேன். எல்லாத் தடையையும் ஒன்றுவிடாமல் போட்டேன். அன்று ராத்திரி ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, நல்ல மழை. அவள் பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது, எல்லாரையும் இறக்கிவிட்டிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது. ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன் என்று அவளிடமிருந்து வரவேண்டிய அழைப்பு வரவில்லை. நான் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. நீலப் புள்ளியைப் பார்த்தேன், நீச்சல் குளத்திலேயே இருந்தது. சரி, மழைக்கு அங்கேயே நிற்கிறாள் என்று நினைத்தேன். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தேன், அங்கேயே. குளத்துக்குப் போன் பண்ணினால் பிள்ளைகள் எல்லாரும் ஐந்து மணிக்கே போய்விட்டார்கள் என்றார்கள். அப்போது என் கை நடுங்கியது இன்றும் ஞாபகம் இருக்கிறது, போனின் திரையைத் தொட்டால் தப்புத் தப்பாக அழுந்தியது. குளத்தை நோக்கி ஓடினேன், அங்கே இல்லை, திரும்பி பஸ் போகும் வழியிலேயே நனைந்துகொண்டு நடந்தேன். ஒரு மணி நாற்பது நிமிடம். ஏழு மணி சுமாருக்கு ஏதோ தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. ஒரு பெண்மணி, "உங்க பொண்ணு எங்கூடத்தான் இருக்கா, பயப்படாதீங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததும் நடுரோடு என்றும் பாராமல் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

என்ன நடந்தது என்று அப்புறம் ஒவ்வொன்றாகக் கோர்த்துப் பார்த்தேன். போகும்போது பஸ்ஸில் விளையாடியதில் அன்றைய ஒரு மணி நேரம் தீர்ந்துவிட்டது, ஆப் போனைப் பூட்டிவிட்டது. பூட்டியபின் அழைக்கும் வசதியும் அந்தப் பூட்டுக்குள்ளேயே போய்விட்டது, நான்தான் எல்லாத் தடையையும் போட்டிருந்தேனே. போன் பையின் அடியில் துண்டுக்குள் இருந்ததால் நான் கூப்பிட்டபோது மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. அன்று மதியம் பின்னணியில் ஏதேதோ ஆப் அப்டேட் இறங்கி டேட்டா முழுக்கக் காலியாகியிருந்தது, அதனால் புள்ளி நகரவில்லை. குளத்தில் அவள் வைஃபையில் இருந்தபோது பதிந்த கடைசி இடம்தான் எனக்குத் தெரிந்தது. நான் தூரத்திலிருந்து பூட்டைத் திறக்கப் பார்த்தேன், அந்தக் கட்டளை போய்ச் சேரவும் டேட்டா வேண்டும். ஒன்றோடு ஒன்று பின்னி, போன் வாங்கியதற்கான ஒரே காரணமே அன்று அடைபட்டுப் போனது. திரையில் அவசர அழைப்புக்கான பொத்தான் இருந்திருக்கிறது. ஏன் கண்ணு அதை அமுக்கலை என்று கேட்டேன். "அது போலீஸுக்குத்தானேம்மா, எனக்கு ஒண்ணும் ஆகலையே, பஸ்தானே நின்னுச்சு" என்றாள். அவள் நினைத்ததில் தப்பே இல்லை. என் எண் மனப்பாடமாக அவளுக்குத் தெரிந்திருந்ததுதான் அன்று எங்களைக் காப்பாற்றியது, அதையும் போன் வாங்கியபின் மறந்துவிடாமல் இருந்தாள். உங்கள் பிள்ளை உங்கள் எண்ணைப் பார்க்காமல் சொல்கிறதா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள்.

இதிலிருந்து நான் ரொம்பக் கறாராக வைத்திருக்கும் விஷயம், எந்தக் கட்டுப்பாட்டைப் போட்டாலும் பூட்டிய நிலையில் பிள்ளை எனக்குப் போன் பண்ண முடிகிறதா என்று முதலில் சோதிப்பது. கூகுள் தரும் பெற்றோர் கட்டுப்பாட்டு ஆப்பான ஃபேமிலி லிங்க்கில் போன் பூட்டியிருக்கும்போது வரும் அழைப்பை எடுக்கலாம், அவசர அழைப்பு போடலாம், மற்றபடி நாம் 'எப்போதும் அனுமதி' என்று குறித்த ஆப்கள் மட்டும்தான் திறக்கும். ஆகவே அழைப்பு ஆப், குறுஞ்செய்தி, வரைபடம் மூன்றையும் அதில் சேர்த்துவிடவேண்டும். ஐபோனில் இதே வேலைக்கு இருக்கும் ஸ்கிரீன் டைமிலும் இப்படி எப்போதும் அனுமதிக்கும் பட்டியல் உண்டு. கூடவே யாரோடு பேசலாம் என்று தீர்மானிக்கும் ஒரு பகுதியும் இருக்கிறது, ஆப்கள் பூட்டியிருக்கும் ஓய்வு நேரத்தில் யாரோடு பேசலாம் என்பதற்கு அதில் தனிப் பட்டியல், அங்கே அம்மா அப்பா எண் இருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். ஃபேமிலி லிங்க்கில் எனக்கு ரொம்பப் பிடித்தது, பெற்றோர் ஆப்பில் தெரியும் அணுகல் குறியீடு. பிள்ளையின் போனில் இணையமே இல்லாவிட்டாலும் அந்தக் குறியீட்டை அடித்தால் பூட்டு திறக்கும். அந்தப் பெண்மணியைப் போல யாருடைய போனிலிருந்தாவது பிள்ளை கூப்பிட்டால் குறியீட்டை வாயாலேயே சொல்லிவிடலாம். வரைபடப் புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள், அதன் கீழே எப்போது பதிந்தது என்ற நேரம் இருக்கும், அதைப் பாருங்கள். அன்றைக்கு அதை நான் கவனித்திருந்தால் இருபது நிமிடமாவது முன்னால் கிளம்பியிருப்பேன்.

சந்தா கட்டிய ஆப்பை நிறுத்தியதற்கு மழைநாள் மட்டும் காரணமில்லை. அதற்கு நாலு நாள் கழித்து ராத்திரி அவளுடைய குறுஞ்செய்திகளைப் படித்துக்கொண்டிருந்தேன். தோழி ஏதோ கேட்டிருக்கிறாள், இவள் பதில் எழுதியிருக்கிறாள்: "இதுல வேணாம், அம்மா எல்லாத்தையும் படிப்பாங்க. நாளைக்கு ஸ்கூல்ல சொல்றேன்." திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடன் கேட்டு மிரட்டியதையும் அந்த வீடியோவையும் முன்பே என்னிடம் சொல்லாமல் மறைத்தவள்தான் அவள். இப்போது நான் எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று தெரிந்ததால் என்னிடம் வந்து சொல்லும் பழக்கம் இன்னும் குறைந்துகொண்டே போயிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் காலை ஆப்பை எடுத்துவிட்டேன். மீதிச் சந்தாவைத் திருப்பித் தரமுடியாது என்று சொல்லிவிட்டார்கள், பத்து மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தது. இந்த மாதிரி ஆப்கள் வேலை செய்ய அணுகல்தன்மை அனுமதி என்று ஒன்றைக் கேட்கும், அதைக் கொடுத்தால் திரையில் தெரியும் எல்லாமே அந்த நிறுவனம் பார்க்கக்கூடிய நிலைக்கு வந்துவிடும். என் பிள்ளையின் பேச்சை முகம் தெரியாத ஒரு நிறுவனத்தின் கையில் நானே காசு கொடுத்துக் கொடுத்திருக்கிறேன். போனில் இலவசமாகவே இருக்கும் ஃபேமிலி லிங்க்கோ ஸ்கிரீன் டைமோ குறுஞ்செய்தியைப் படித்துக் காட்டாது. அது குறை என்று நினைத்துத்தான் முதலில் அதை ஒதுக்கினேன், இப்போது அது இல்லாததே நல்லது என்று நினைக்கிறேன்.

எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். பிள்ளையிடம் ஆண்ட்ராய்டு இருந்து உங்களிடம் ஐபோன் இருந்தாலும் ஃபேமிலி லிங்க் ஓடும், பெற்றோர் ஆப் இரண்டிலும் உண்டு. பிள்ளைக்கு ஐபோன் கொடுத்து ஸ்கிரீன் டைமை நீங்கள் தூரத்திலிருந்து நடத்தவேண்டும் என்றால் உங்களிடமும் ஆப்பிள் கருவி வேண்டும். அதனால் உங்கள் கையில் இருப்பது எது என்று பார்த்து வாங்குங்கள். கணக்கு தொடங்கும்போது பிள்ளையின் உண்மையான பிறந்த தேதியையே கொடுங்கள். அவசரத்தில் நான் முதல் போனில் என் சொந்த கூகுள் கணக்கையே போட்டுக் கொடுத்தேன், என் புகைப்படம், மின்னஞ்சல், சேமித்த வங்கி அட்டை எல்லாம் அவள் கையில். நல்லவேளை எதுவும் வாங்கவில்லை. 13 வயதுக்குக் கீழே என்று சரியாகக் கொடுத்தால் கூகுள் தானாகவே பெற்றோர் கணக்கோடு இணைக்கச் சொல்லும், குரோமில் பார்த்த தளங்கள் பதியாத மறைநிலை உலாவல் இருக்காது, புது ஆப் இறக்க நம்மிடம் அனுமதி கேட்கும். குரோமுக்குப் போட்ட வடிகட்டி வேறு உலாவிகளுக்கு வராது, ஆகவே மற்ற உலாவிகளைத் தடுத்துவிடுங்கள். யூடியூபில் பிள்ளைக்கான மேற்பார்வைக் கணக்கில் மூன்று நிலை இருக்கிறது, முதலாவது 9 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்குப் பொருந்துவது, அதற்கு அடுத்தது 13 வயதுக்கு மேல். நான் முதல் நிலையில் வைத்திருக்கிறேன். அப்புறம் ஸ்கிரீன் டைம் பாஸ்கோடாக உங்கள் போனைத் திறக்கும் பின் நம்பரையே வைக்காதீர்கள், பிள்ளைகள் விரல் போகும் இடத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்கள்.

ப்ரீபெய்டு பற்றிச் சொல்கிறேன் என்றேனே. காசு தீர்ந்தால் நின்றுவிடும் என்பதுதான் அதன் நன்மை, பிள்ளையின் போனில் அதுதான் ஆபத்தும். பேலன்ஸ் இருக்கும், வேலிடிட்டி முடிந்திருக்கும், அழைப்பு போகாது. டேட்டா பேக் முடிந்தபின் சில திட்டங்களில் இணையம் நின்றுவிடும், சிலவற்றில் முதன்மை பேலன்ஸைச் சத்தமில்லாமல் தின்ன ஆரம்பிக்கும், அது தீர்ந்தால் அழைப்பும் போச்சு. சில நாடுகளில் வரும் அழைப்புக்குக்கூட நிமிடம் கழியும். திட்டம் எடுக்கும்போது டேட்டா எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேளுங்கள். நாள்கணக்கு நீளமாக இருக்கும், அழைப்பு வரம்பில்லாத, டேட்டா கொஞ்சமாக உள்ள திட்டம்தான் பிள்ளைக்கு நல்லது. ரீசார்ஜ் முடியும் தேதிக்கு மூன்று நாள் முன்னால் என் போனில் அலாரம் வைத்திருக்கிறேன். ஆப் அப்டேட் வைஃபையில் மட்டும் என்று பிளே ஸ்டோரில் மாற்றினேன், ஆண்ட்ராய்டின் டேட்டா பயன்பாட்டுப் பகுதியில் எச்சரிக்கை அளவும் வைத்தேன். முழுக்க வெட்டும் வரம்பை வைக்கவில்லை, இருப்பிடம் தெரியக் கொஞ்சம் டேட்டா எப்போதும் வேண்டும். போன் கிடைத்ததும் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கென்றே உள்ள தனி எண்ணை, ஒரு தாளில் எழுதி வையுங்கள், தொலைந்தால் முடக்கச் சொல்ல அது வேண்டும். சிம் பெரியவர் பெயரில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்து வயதோ அதற்குக் கீழோ இருக்கும் பிள்ளைக்கு அழைக்க மட்டும்தான் தேவை என்றால் பொத்தான் போனே போதும் என்று நினைக்கிறேன். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க முடிந்தால் நான் அதைத்தான் வாங்குவேன். பல நாடுகளில் 2ஜி, 3ஜி நெட்வொர்க்குகளை நிறுத்திக்கொண்டு வருகிறார்கள், ஆகவே 4ஜி-யில் குரல் அழைப்பு போகும் பொத்தான் போனா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் கொஞ்ச நாளில் கையில் வெறும் கடிகாரம்தான் இருக்கும். பள்ளியில் போன் அனுமதி உண்டா, உள்ளே அணைத்து வைக்கவேண்டுமா என்றும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆப்பை எடுத்த அன்று சாயங்காலம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லா அமைப்பையும் அவள் கண்முன்னால் மறுபடி போட்டேன். இது எதற்கு, இது எதற்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், பதில் சொல்லமுடியாத இரண்டை எடுத்துவிட்டேன். குறுஞ்செய்தியைப் படிக்கமாட்டேன் என்று சொன்னேன். பயமாக ஏதாவது பார்த்தால் என்னிடம் வந்தால் போனைப் பிடுங்கமாட்டேன் என்றும் சொன்னேன். பிடுங்கிவிடுவேன் என்று பயந்துதான் அவள் அந்த வீடியோவை மறைத்தாளாம், அன்றைக்குத்தான் சொன்னாள். தெரியாதவர் கூப்பிட்டால் வைத்துவிடலாம், பதில் சொல்லத் தேவையில்லை, மரியாதைக் குறைவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தேன். அவசரப் பொத்தான் பற்றியும் பேசினோம். தனியாக மாட்டிக்கொண்டு யாரையும் எட்டமுடியவில்லை என்றால் அதுவும் அவசரம்தான், 112 என்ற எண் உலகத்தின் பெரும்பாலான கைப்பேசிகளில் பூட்டுக்கு மேலேயே போகும், பேலன்ஸ் பார்க்காது என்று சொன்னேன்.

ஒவ்வொரு ரீசார்ஜ் அன்றும் இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறோம். அவள் போனில் டேட்டாவையும் வைஃபையையும் அணைப்போம், நான் என் போனிலிருந்து முன்கூட்டியே பூட்டி வைத்திருப்பேன், அவள் படிக்கட்டுக்குக் கீழே போய் என்னைக் கூப்பிடவேண்டும். போன மாதம் ரீசார்ஜ் பண்ணிவிட்டு அடுப்பு வேலையில் நான் மறந்துபோனேன். போன் அடித்தது, எடுத்தால் அவள்தான், கீழேயிருந்து. "அம்மா, கேக்குதா?" என்றாள். கேக்குது கண்ணு, மேல வா என்றேன்.